ரன் அமுக்கினா ஒண்ணும் வரல: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே ரகம். "கோட் சரியாத்தான் இருக்கு, ஆனா ஓடல." இந்த "ஓடல"ங்கற ஒத்த வார்த்தைய வச்சுக்கிட்டு நான் ஒண்ணுமே பண்ண முடியாதுங்க, எங்க வலிக்குதுனு சொல்லாம வயித்துவலிக்கு மருந்து கேக்கற கதைதான். அதனால ஒவ்வொருத்தருக்கும் திருப்பி எழுதி, ஸ்க்ரீன்ல என்ன வந்துச்சுனு கேட்டு வாங்கி, அப்புறம்தான் பதில் எழுதியிருக்கேன். கமாண்ட், எரர் மெசேஜ் எல்லாம் இங்க தமிழ் எழுத்துலயே இருக்கும், நீங்க அடிக்கறப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

கே: அண்ணா, நான் ஃபர்ஸ்ட் இயர். விஎஸ் கோட் இன்ஸ்டால் பண்ணி, சி எக்ஸ்டென்ஷனும் போட்டு, ஹலோ வேர்ல்டு எழுதி ரன் குடுத்தா "ஜிசிசி இஸ் நாட் ரெகக்னைஸ்டு"னு வருது. மூணு தடவ அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி போட்டுட்டேன். லேப்டாப்லதான் ஏதாவது கோளாறா?

ப: லேப்டாப் பாவம், அத விட்டுடுங்க. நீங்க முப்பது தடவ போட்டாலும் அதேதான் வரும், ஏன்னா விஎஸ் கோட்ங்கறது வெறும் எடிட்டர், எழுதறதுக்கு மட்டும். அந்த சி எக்ஸ்டென்ஷனும் கலர் காட்டும், தப்பு இருந்தா கோடு போட்டுக் காட்டும், டீபக் பண்ண, அதான் தப்பு எங்கனு தேடிப் பிடிக்க, உதவும், ஆனா கம்பைலர் அதுக்குள்ள கிடையாது. கம்பைலர்னா நீங்க எழுதினத மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கற தனி ப்ரோக்ராம், ஜிசிசினா அதான். அது உங்க கம்ப்யூட்டர்லயே இல்ல, இல்லனா இருந்தும் எங்க இருக்குனு விண்டோஸுக்குத் தெரியல, இந்த ரெண்டுல ஒண்ணுதான் அந்த மெசேஜுக்கு அர்த்தம்.

எதுனு எப்படி கண்டுபிடிக்கறது? விஎஸ் கோட மூடிட்டு கமாண்ட் ப்ராம்ப்ட்னு தேடி அந்த கறுப்பு விண்டோவ தொறங்க. அதுல வேர் ஜிசிசினு அடிங்க, டபிள்யூல ஆரம்பிக்கற வேர். ஃபோல்டர் பேரு ஏதாவது வந்தா ஜிசிசி இருக்கு, வழியும் தெரிஞ்சிருக்கு. "குட் நாட் ஃபைண்ட்"னு வந்தா வழி தெரியல. இதே கமாண்ட விஎஸ் கோடுக்குள்ள இருக்கற டெர்மினல்ல அடிச்சீங்கனா ஒண்ணுமே வராம அடுத்த லைனுக்கு போயிடும், அத பாத்து பயப்படாதீங்க, அங்க ஓடறது பவர்ஷெல், கமாண்ட் ப்ராம்ப்ட் மாதிரியே இன்னொண்ணு, அதுல வேர்னா வேற அர்த்தம், அங்க வேர் டாட் எக்ஸினு முழுசா அடிக்கணும். இது தெரியாம நான் அரைநாள் முழிச்சிருக்கேன்.

இன்ஸ்டாலே பண்ணலனா எம்சிஸ்2னு ஒண்ணு இருக்கு, ஜிசிசி மாதிரி சாமானெல்லாம் விண்டோஸுக்கு எறக்கித் தர்றது, அத எறக்கி போடுங்க, போட்டு முடிச்சதும் வர அதோட விண்டோவுல பேக்மேன்ங்கற கமாண்ட் மூலமா ஜிசிசிய தனியா எறக்கணும். நெறைய பேர் எம்சிஸ்2 போட்டாச்சு வேலை முடிஞ்சுதுனு எழுந்து போயிடறாங்க, அது வெறும் பெட்டிதான், ஜிசிசி அதுக்குள்ள தானா வராது. எறக்கினதுக்கப்புறம் சி டிரைவ்ல எம்சிஸ்64 ஃபோல்டர், அதுக்குள்ள யூசிஆர்டி64, அதுக்குள்ள பின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், ஜிசிசி டாட் எக்ஸி அங்கதான் இருக்குதானு உங்க கண்ணால பாத்துட்டு அந்த முழு வழியையும் காப்பி பண்ணிக்கோங்க. ஸ்டார்ட் மெனுவுல என்விரான்மென்ட்னு தேடினா என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் வரும், அதுல பாத்ங்கற வரிய, அதாவது ப்ரோக்ராம எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்னு விண்டோஸ் பாக்கற லிஸ்ட, எடிட் பண்ணி, நியூ குடுத்து, இத புது வரியா சேருங்க. ஏற்கனவே இருக்கற வரிங்கள தயவுசெஞ்சு அழிச்சிடாதீங்க, அதெல்லாம் மத்த சாஃப்ட்வேருக்கு வேணும்.

இப்பதான் எல்லாரும் கவுர எடம். பாத் மாத்தினத ஏற்கனவே தொறந்திருக்கற விண்டோ கண்டுக்காது, அது தொறந்தப்ப இருந்த பழைய பாத்தயே கையில வச்சிருக்கும். கறுப்பு விண்டோவ மூடி புதுசா தொறங்க, விஎஸ் கோட் எத்தன விண்டோ தொறந்திருக்கோ அத்தனையும் மூடி மறுபடி தொறங்க. உள்ள இருக்கற டெர்மினல மட்டும் மூடித் தொறந்தா பத்தாது, அது விஎஸ் கோட் கிட்டேர்ந்துதான் பாத்த வாங்கிக்குது. அப்புறம் ஜிசிசி, ஒரு ஸ்பேஸ், ரெண்டு மைனஸ், வெர்ஷன்னு அடிச்சு நம்பர் வந்துச்சுனா கம்பைலர் பக்கம் வேலை முடிஞ்சுது.

இதுக்கு மேல ஒண்ணு வரும், இப்பவே சொல்லிடறேன். கோட் ரன்னர்னு ரன் பட்டன் தர்ற எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தீங்கனா ஸ்கேன்எஃப், அதான் கீபோர்டுலேர்ந்து நம்பர் வாங்கற ஃபங்ஷன், அது வர்ற ப்ரோக்ராம் அப்படியே நின்னுடும், நம்பர் அடிக்கப் போனா "ரீட் ஒன்லி எடிட்டர்"னு திட்டும். அதோட செட்டிங்ல ரன் இன் டெர்மினல்னு இருக்கும், டிக் பண்ணிடுங்க.

கே: சார், கோட மாத்தறேன், ரன் பண்றேன், பழைய அவுட்புட்டே வருது. பிரிண்ட் லைனயே அழிச்சிட்டேன், அப்பவும் அது பிரிண்ட் ஆகுது! பேய் வேலையா இருக்கு.

ப: பேய் இல்ல, பழைய எக்ஸி. நீங்க எழுதறது ஒரு ஃபைல், ஓடறது இன்னொரு ஃபைல், நடுவுல பில்ட், அதாவது கம்பைல் பண்ணி எக்ஸி ஆக்கற வேலை, நடந்தாத்தான் இது அதுவா மாறும். பில்ட்ல தப்பு வந்து நின்னுடுச்சுனா நேத்து பண்ணின எக்ஸி அங்கயே கெடக்கும், அத ஓட்டினா நேத்து வந்ததுதான் வரும். விஷுவல் ஸ்டுடியோ (விஎஸ் கோட் இல்ல, இது வேற) இதுக்கு ஒரு பெட்டி காட்டி கேக்கும், பில்ட்ல எரர் இருக்கு, கடைசியா சரியா பில்ட் ஆனத ஓட்டட்டுமானு. நாம என்ன பண்றோம், படிக்காம எஸ் அமுக்கிடறோம். பக்கத்துலயே இந்தப் பெட்டிய மறுபடி காட்டாதேனு ஒரு டிக் இருக்கும், அதையும் சேத்து அமுக்கிட்டீங்கனா அப்புறம் கேக்கவே கேக்காது, சத்தமில்லாம பழசையே ஓட்டிக்கிட்டு இருக்கும். உங்களுக்கு அதான் ஆயிருக்குனு நெனைக்கறேன், ஆப்ஷன்ஸ்ல ப்ராஜெக்ட்ஸ் பகுதியில போய், எரர் இருந்தா ஓட்டாதேனு மாத்தி வைங்க.

இன்னொண்ணு, சேவ் பண்ணாம இருக்கறது. விஎஸ் கோட்ல மேல ஃபைல் பேருக்குப் பக்கத்துல எக்ஸ் குறிக்கு பதிலா ஒரு உருண்ட புள்ளி இருந்தா சேவ் ஆகலனு அர்த்தம்.

"பர்மிஷன் டினைடு, கேனாட் ஓப்பன் அவுட்புட் ஃபைல்"னு வந்தா உங்க பழைய ப்ரோக்ராம் இன்னும் எங்கயோ ஓடிக்கிட்டு இருக்கு, பெரும்பாலும் ஸ்கேன்எஃப்ல நம்பருக்காக காத்துக்கிட்டு இருக்கும், ஓடிக்கிட்டு இருக்கற எக்ஸி மேல விண்டோஸ் எழுத விடாது. டாஸ்க் மேனேஜர்ல தேடி மூடினா சரியாயிடும். அப்படி எதுவும் ஓடலனா ஆன்டிவைரஸ பாருங்க, புதுசா பொறந்த எக்ஸிய பாத்தா அதுக்கு எப்பவும் ஒரு சந்தேகம்.

எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு நாள் ராத்திரி ஒரு ஃபங்ஷன மாத்தறேன் மாத்தறேன், ஒண்ணும் நடக்கல. ரெண்டு மணி வாக்குல கடுப்புல ஃபைல் நடுவுல கண்டபடி கையில வந்த எழுத்தெல்லாம் தட்டி பில்ட் குடுத்தேன், எரரே இல்லாம பில்ட் ஆயிடுச்சு! அப்பதான் பொறி தட்டுச்சு, நான் தொறந்து வச்சிருந்தது பேக்கப் ஃபோல்டர்ல இருந்த அதே பேர் உள்ள வேற ஃபைல். அன்னிலேர்ந்து மொதல் வேலையா குப்பைய ஒரு லைன் எழுதி பில்ட் குடுப்பேன். எரர் வந்தா நான் தொடற ஃபைலத்தான் கம்பைலரும் தொடுது. வரலனா கோட பாக்கறதுல அர்த்தமே இல்ல, ஃபைல தேடணும்.

கே: தம்பி, நான் ரிட்டையர் ஆன ஆள். அந்தக் காலத்துல டர்போ சி-ல எழுதின ப்ரோக்ராம் நெறைய வச்சிருக்கேன். புது கம்ப்யூட்டர்ல டர்போ சி தொறக்கவே மாட்டேங்குது, இப்ப உள்ள கம்பைலர்ல போட்டா நூறு எரர் வருது. என் ப்ரோக்ராம் எல்லாம் வீணா?

ப: வீணெல்லாம் இல்ல சார். போர்லேண்ட் கம்பெனி டர்போ சி-ய 1987லயும் டர்போ சி++ஸ 1990லயும் விட்டாங்க, ரெண்டுமே விண்டோஸுக்கு முந்தின டாஸ் சிஸ்டத்துக்கு எழுதின 16 பிட் ப்ரோக்ராம். 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் சமாச்சாரம் ஓடவே ஓடாது, அந்த வசதியையே அதுல வைக்கல, அதனால நீங்க எவ்வளவு கிளிக் பண்ணினாலும் தொறக்காது. அப்படியே பழைய நீல ஸ்க்ரீனத்தான் பாக்கணும்னா டாஸ்பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, பழைய டாஸ் மெஷின் மாதிரி நடிக்கற ப்ரோக்ராம், அதுக்குள்ள டர்போ சி ஓடும். அங்க "அன்ஏபிள் டு ஓப்பன் இன்க்ளூட் ஃபைல்"னு வந்தா ஆப்ஷன்ஸ் மெனுல டைரக்டரீஸ்னு இருக்குமே, அதுல இன்க்ளூட், லிப் ரெண்டோட வழியும் நீங்க இப்ப வச்சிருக்கற ஃபோல்டரோட ஒத்துப் போகுதானு பாருங்க.

ஆனா என்னக் கேட்டா புது கம்பைலருக்கு மாத்திடறதுதான் நல்லது, நூறு எரர்னு மலைக்காதீங்க, விஷயம் அஞ்சாறுதான் இருக்கும். வாய்டு மெயின்னு எழுதியிருப்பீங்க, இன்ட் மெயின்னு மாத்துங்க. சி++ ப்ரோக்ராம்னா ஐஓஸ்ட்ரீம் டாட் எச்ங்கறது 1998ல வந்த ஸ்டாண்டர்டுலயே கிடையாது, டாட் எச்ச எடுத்துட்டு கீழ யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி சேத்துடுங்க. சிஎல்ஆர்எஸ்சிஆர், அதான் ஸ்க்ரீன் தொடைக்கறது, அது போர்லேண்டோட சொந்த சரக்கு, அந்த லைன எடுத்துடுங்க, ஒண்ணும் குடி முழுகிடாது. கெட்சிஎச், அதான் ஒரு கீ தட்டற வரைக்கும் நிக்கறது, விண்டோஸ்ல ஓடும், லினக்ஸ்ல அது வர்ற கோனியோ டாட் எச்சே கிடையாது. கிராஃபிக்ஸ் டாட் எச் போட்டு வட்டம் கோடெல்லாம் வரைஞ்சிருந்தீங்கனா அத மட்டும் டாஸ்பாக்ஸ்லயே வச்சுக்கோங்க, அந்த மல்லுக்கட்டு வேண்டாம்.

அப்புறம் எஸ்டிடிஐஓ டாட் எச் சேக்காமலே பிரிண்ட்எஃப் எழுதியிருப்போம், அந்தக் காலத்துல எவனும் கேக்கல. ஜிசிசியும் ரொம்ப வருஷமா வெறும் வார்னிங் குடுத்துட்டு விட்டுக்கிட்டு இருந்துச்சு, 2024ல வந்த ஜிசிசி 14லேர்ந்து அது நேரா எரர் ஆயிடுச்சு. உங்க நூறுல பாதி இதுவாத்தான் இருக்கும்.

கம்பைல் ஆனதுக்கு அப்புறமும் ஒண்ணு இருக்கு சார். டர்போ சி-ல இன்ட்னா 16 பிட், 32767 வரைக்கும்தான் பிடிக்கும், 200ஐ 200ஆல பெருக்கினா 40000க்கு பதிலா மைனஸ் 25536னு வரும். இப்ப இன்ட் 32 பிட். அதனால பழைய விடையும் புது விடையும் மாறுச்சுனா புது கம்பைலர் தப்பு பண்ணுதுனு நெனைக்காதீங்க, பழசத்தான் சந்தேகப்படணும்.

கே: நோட்ஸ் பிடிஎஃப்ல இருந்த ப்ரோக்ராம அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணேன், ஒரு எழுத்து கூட மாத்தல. "ஸ்ட்ரே பேக்ஸ்லாஷ் 342 இன் ப்ரோக்ராம்"னு லைன் லைனா எரர். 342னு நான் எங்கயுமே எழுதலயே?

ப: எழுதல, ஆனா ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. உங்க பிரிண்ட்எஃப் உள்ள இருக்கற டபுள் கோட்ஸ உத்துப் பாருங்க, ஆரம்பத்துல இருக்கறது ஒரு பக்கம் வளைஞ்சு, முடியற எடத்துல இருக்கறது அந்தப் பக்கம் வளைஞ்சு, அழகா இருக்கும். கம்பைலருக்கு அழகு பிடிக்காது, நேரா நிக்கற கோட்ஸ்தான் அதுக்குத் தெரியும். அந்த வளைஞ்சது மூணு பைட்டா சேவ் ஆகுது, அதுல மொதல் பைட்டோட நம்பர் எட்டடிமானக் கணக்குல 342. வேர்டுலயும் பிடிஎஃப்லயும் இருந்து எடுத்தா இதான் கதி. ஒரு வளைஞ்ச கோட்ஸ செலக்ட் பண்ணி ரீப்ளேஸ்ல போட்டு எல்லாத்தையும் ஒரே அடியா மாத்துங்க, மைனஸ் குறியையும் பாருங்க, அதுவும் சில சமயம் நீளமான கோடா மாறி வந்திருக்கும். புது ஜிசிசில இதே தப்புக்கு வேற மாதிரி மெசேஜ் வரும், அந்த எழுத்தயே காட்டும். இல்லனா கையால டைப் பண்ணுங்க, இருபது லைன்தான இருக்கு.

கே: வீட்ல விண்டோஸ்ல ஓடற ப்ரோக்ராம் லேப்ல லினக்ஸ்ல "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு எஸ்கியூஆர்டி"னு சொல்லுது. மேத் டாட் எச் சேத்திருக்கேன். இன்னொரு கூத்து, எஸ்கியூஆர்டி உள்ள 16னு நேரா எழுதினா ஓடுது, ஸ்கேன்எஃப்ல வாங்கின நம்பர குடுத்தா எரர். லேப் அசிஸ்டென்ட்டும் தெரியலன்னுட்டார்.

ப: இந்த மாசத்துல எனக்குப் பிடிச்ச கேள்வி இதான், ஏன்னா நீங்க ரெண்டு விதமா போட்டுப் பாத்திருக்கீங்க. மேத் டாட் எச்ங்கறது இப்படி ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதுக்கு ஒரு டபுள் குடுத்தா ஒரு டபுள் வரும்னு சொல்ற அறிவிப்பு மட்டும்தான், வர்க்கமூலம் கண்டுபிடிக்கற நிஜமான கோட் அதுல இல்ல. அது தனி லைப்ரரில, அதான் ரெடிமேடா கம்பைல் பண்ணி வச்ச ஃபங்ஷன் தொகுப்புல, இருக்கு. கம்பைலர் அறிவிப்ப நம்பி ஓகே சொல்லிடும், அதுக்கடுத்து வர்ற லிங்கர்தான் அந்த ஃபங்ஷன் எங்க எங்கனு தேடி கிடைக்காம கத்துது. லினக்ஸ்ல கமாண்டோட கடைசில மைனஸ் எல்எம்னு சேக்கணும், கடைசிலங்கறது முக்கியம், உங்க ஃபைல் பேருக்கு முன்னாடி போட்டா பல சிஸ்டத்துல அதே எரர்தான் வரும், லிங்கர் இடமிருந்து வலமா போகுது, யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே லைப்ரரிய தாண்டிப் போயிடும். விண்டோஸ்ல உங்க மிங்டபிள்யூ, அதான் விண்டோஸுக்கான ஜிசிசி, இத தானாவே சேத்துக்கும், அதான் வீட்ல ஓடுது.

16னு நேரா எழுதினா ஏன் ஓடுது? ஜிசிசி அத பாத்ததும் விடை 4னு தானே கணக்கு போட்டு எழுதிடுது, ஃபங்ஷன கூப்பிடற வேலையே இல்ல, லிங்கரும் எதையும் தேட வேண்டியதில்ல. ஸ்கேன்எஃப்ல என்ன நம்பர் வரும்னு அதுக்கு முன்னாடியே தெரியாதே.

இதே மாதிரி விண்டோஸ்ல "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு வின்மெயின்"னு வந்துச்சுனு நாலு பேர் எழுதியிருந்தாங்க, நான் வின்மெயின்னு எதுவும் எழுதலயேனு. எழுதாததாலதான். மெயின் ஃபங்ஷன் கிடைக்கலனா லிங்கர் அடுத்ததா வின்மெயின தேடும், அதுவும் இல்லாதப்ப வர்ற பொலம்பல் இது. மெயின்ல முதல் எழுத்து கேப்பிட்டல் ஆயிருக்கும், இல்ல எழுத்து முன்ன பின்ன ஆகி மியான்னு இருக்கும், இல்ல ஃபைல சேவே பண்ணாம காலி ஃபைல பில்ட் பண்ணியிருப்பீங்க. நாலு பேர்ல ரெண்டு பேருக்கு கடைசிதான்.

கே: ஜாவால "அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்", 61, 52னு என்னென்னமோ நம்பர் வருது. கம்பைல் ஆகுது, ரன் ஆகல.

ப: அந்த நம்பர்லேர்ந்து 44ஐ கழிங்க. 61னா ஜாவா 17, 52னா ஜாவா 8. அதாவது கம்பைல் பண்ணினது 17, ஓட்ட வந்தது 8. கம்பைல் பண்ற ஜாவாசி ஒரு ஃபோல்டர்லேர்ந்தும் ஓட்டற ஜாவா வேற ஃபோல்டர்லேர்ந்தும் வருது உங்க மெஷின்ல. எப்பவோ ஏதோ சாஃப்ட்வேர் போட்டப்ப அதோட சேந்து பழைய ஜாவா வந்து பாத்ல முன்னாடி உக்காந்திருக்கும். முன்ன சொன்ன அதே வேர் கமாண்ட ஜாவாவுக்கும் ஜாவாசிக்கும் தனித்தனியா அடிச்சுப் பாருங்க, மேல எது வருதோ அதான் ஓடும். பழசு எதுக்கும் தேவைப்படலனா தூக்கிடுங்க, இல்லனா பாத்ல புதுச மேல ஏத்துங்க.

கூடவே "குட் நாட் ஃபைண்ட் ஆர் லோடு மெயின் கிளாஸ்"னு எழுதினவங்களுக்கு: ரன் பண்றப்ப ஜாவா, ஸ்பேஸ், கிளாஸ் பேர், அவ்ளோதான், பின்னாடி டாட் கிளாஸ் போடக்கூடாது. கோட்ல மொதல் லைன்ல பேக்கேஜ்னு இருந்தா அந்த பேக்கேஜ் ஃபோல்டருக்கு ஒரு படி வெளிய வந்து நின்னுக்கிட்டு, பேக்கேஜ் பேரு, புள்ளி, கிளாஸ் பேருனு அடிக்கணும்.

கே: அக்கவுண்ட்ஸ் வேலை பாக்கறேன், எக்செல் வேலைய சுலபமாக்கலாம்னு பைதான் கத்துக்கறேன். பிப் இன்ஸ்டால் பண்டாஸ் குடுத்தா "சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு"னு சொல்லுது, ப்ரோக்ராம ஓட்டினா "நோ மாட்யூல் நேம்டு பண்டாஸ்"னு சொல்லுது. ரெண்டுல எது பொய் சொல்லுது மேடம்? இல்ல சாரா? தெரியல, மன்னிக்கவும்.

ப: சார்தான், பரவால்ல. பண்டாஸ்ங்கறது டேபிள் கணக்கெல்லாம் போடற பைதான் லைப்ரரி, பிப்ங்கறது அத எறக்கித் தர்ற ஆள், ரெண்டும் உண்மைதான் சொல்லுதுங்க. உங்க கிட்ட ரெண்டு பைதான் இருக்கு, ஒண்ணுல பண்டாஸ் போச்சு, இன்னொண்ணு ப்ரோக்ராம ஓட்டுது. ப்ரோக்ராமோட மொதல்ல இம்போர்ட் சிஸ்னு போட்டு, அடுத்த லைன்ல சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள பிரிண்ட் பண்ணுங்க, எந்த பைதான் ஓடுதுனு முழு வழியோட சொல்லும். அப்புறம் வெறும் பிப்னு அடிக்காம பைதான், மைனஸ் எம், பிப், இன்ஸ்டால், பண்டாஸ்னு அடிக்கற பழக்கம் வச்சுக்கோங்க, அப்படி அடிச்சா அந்த பைதான் வார்த்தைக்கு எந்த பைதான் வருதோ அதுலயேதான் போய் சேரும். விஎஸ் கோட்னா கீழ வலது ஓரத்துல பைதான் நம்பர் தெரியும், அத கிளிக் பண்ணி சரியான பைதான தேர்ந்தெடுங்க.

பைதான்னு அடிச்சா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் தொறக்குதுனு சொல்றவங்க, செட்டிங்ஸ்ல ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸ்னு தேடி அங்க பைதானுக்கு ஆன்ல இருக்கறத ஆஃப் பண்ணுங்க. இன்ஸ்டால் பண்றப்ப மொத ஸ்க்ரீன்ல கீழ பாத்ல சேக்கட்டுமானு ஒரு சின்ன டிக் இருக்கும், அத விட்டுட்டு நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போனதோட பலன்.

இன்னொருத்தர் ரேண்டம் மாட்யூல்ல ரேண்ட்இன்ட்டே இல்லங்குதுனு எழுதியிருந்தார். உங்க ஃபைலுக்கு என்ன பேர் வச்சீங்கனு கேட்டேன். ரேண்டம் டாட் பைனு பதில் வந்துச்சு. பைதான் மொதல்ல நீங்க ஓட்டற ஃபைல் இருக்கற ஃபோல்டர்லதான் தேடும், அதனால உங்க ஃபைல் உங்க ஃபைலையே இம்போர்ட் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு. பேர மாத்தினதும் சரியாயிடுச்சு.

கே: பில்ட் பண்ற கமாண்டெல்லாம் ஒரே எடத்துல எழுதி மேக்குங்கற ப்ரோக்ராமுக்குக் குடுக்கற மேக்ஃபைல் எழுதினேன். "மிஸ்ஸிங் செபரேட்டர், ஸ்டாப்"னு நிக்குது. எழுத்துக்கு எழுத்து புத்தகத்துல இருக்கற மாதிரியேதான் இருக்கு.

ப: கண்ணுக்குத் தெரியற எழுத்து சரி, தெரியாத எழுத்துதான் தப்பு. கமாண்ட் லைனுக்கு முன்னாடி எட்டு ஸ்பேஸ் விட்டிருப்பீங்க, அங்க டேப் கீய ஒரு தடவ தட்டியிருக்கணும். எடிட்டர்ல டேப்ப ஸ்பேஸா மாத்தற செட்டிங் ஆன்ல இருந்தா டேப் தட்டினாலும் ஸ்பேஸ்தான் விழும், மேக்ஃபைலுக்கு மட்டும் அத ஆஃப் பண்ணுங்க. மேக்க 1976ல பெல் லேப்ஸ்ல எழுதினவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், இந்த டேப் சமாச்சாரம் சரியில்லனு அவருக்கே சீக்கிரம் தெரிஞ்சுபோச்சாம், ஆனா அதுக்குள்ள ஒரு பத்து பன்னெண்டு பேர் அத பயன்படுத்த ஆரம்பிச்சுட்டாங்க, அவங்க ஃபைலெல்லாம் கெட்டுப்போகுமேனு மாத்தாம விட்டுட்டார். அந்தப் பத்துப் பன்னெண்டு பேருக்காக நீங்களும் நானும் இன்னிக்கும் அனுபவிக்கறோம்.

கே: பில்ட்ல ஸீரோ எரர், ஸீரோ வார்னிங். ரன் பண்ணி நம்பர் அடிச்சு என்டர் தட்டினதும் "ப்ராசஸ் ரிட்டர்ன்டு மைனஸ் 1073741819"னு வந்து செத்துடுது. இவ்ளோ பெரிய நம்பர் எங்கேர்ந்து வருது?

ப: அந்த நம்பர் பயமுறுத்துது, விஷயம் சின்னதுதான். பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள 0 எக்ஸ் சி0000005னு இருக்கும் பாருங்க, அதேதான் இதுவும், 16 அடிமானத்துல எழுதினது. உங்களுக்கு சொந்தமில்லாத மெமரிய உங்க ப்ரோக்ராம் தொட்டுடுச்சு, விண்டோஸ் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிடுச்சு, அவ்ளோதான் அர்த்தம். லினக்ஸ்ல இருந்தா செக்மென்டேஷன் ஃபால்ட்னு வந்திருக்கும்.

நம்பர் அடிச்ச உடனே சாகுதுன்னீங்களே, அது பெரிய துப்பு. ஸ்கேன்எஃப் லைன பாருங்க, நம்பர் வாங்கற என்-ங்கற வேரியபிளுக்கு முன்னாடி ஆம்பர்சாண்ட், அதான் & குறி, இருக்கா? நீங்க அனுப்பின கோட்ல இல்ல. ஆம்பர்சாண்ட் போட்டா என்-னோட விலாசம் போகும், போடலனா என்-னுக்குள்ள இருக்கற குப்பை நம்பர் போகும், ஸ்கேன்எஃப் அதையே விலாசம்னு நம்பி அங்க போய் எழுதப் பாக்குது. இதுக்கு கம்பைலர் சும்மா இருந்திருக்காது, நீங்க கேக்கல. கம்பைல் பண்றப்ப மைனஸ் வால்னு சேருங்க, டபிள்யூ கேப்பிட்டல், அடுத்த தடவ இந்த மாதிரி எடத்துலயெல்லாம் வார்னிங் கொட்டும். ஸீரோ வார்னிங்னு நீங்க சந்தோஷப்பட்டது அத ஆன் பண்ணாததால.

இதோட மைனஸ் 1073741571னும் ஒருத்தருக்கு வந்திருக்கு. அது வேற, ஸ்டாக், அதான் ஃபங்ஷனோட வேரியபிளெல்லாம் உக்கார்ற மெமரி, நெறஞ்சு போச்சு. ரெக்கர்ஷன்ல, அதான் ஃபங்ஷன் தன்னையே கூப்பிடறதுல, எங்க நிக்கணும்ங்கற கண்டிஷன எழுத மறந்திருப்பார், இல்லனா மெயினுக்குள்ள பத்து லட்சம் இன்ட் உள்ள அர்ரே வச்சிருப்பார். அர்ரேனா மெயினுக்கு வெளிய எடுத்து வைங்க, போதும்.

கே: சி++ல எழுதின ப்ரோக்ராம் எக்ஸிய ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன், லிப்எஸ்டிடிசி++ 6 டிஎல்எல் இல்லனு வருதாம்.

ப: டிஎல்எல்னா எக்ஸி ஓடறப்ப வெளியேர்ந்து எடுத்துக்கற லைப்ரரி ஃபைல். உங்க மெஷின்ல ஜிசிசி ஃபோல்டர் பாத்ல இருக்கு, அங்கேர்ந்து எடுத்துக்குது. அவர்கிட்ட அது இல்ல. மைனஸ் ஸ்டேட்டிக்னு சேத்து கம்பைல் பண்ணி அனுப்புங்க, எக்ஸி கொஞ்சம் பெருசாகும்.

கே: எரர் மெசேஜ செல்போன்ல போட்டோ எடுத்து அனுப்பலாமா?

ப: கையெடுத்துக் கும்புடறேன், வேண்டாம். இந்த மாசமே ஒருத்தர் நாப்பது எரர்ல கடைசி மூணு தெரியற மாதிரி எடுத்து அனுப்பினார், எனக்கு வேணுங்கறது மேல இருக்கற மொத எரர், மத்ததெல்லாம் பெரும்பாலும் அதோட வால்தான். அவருக்கு பன்னெண்டாவது லைன்ல செமிகோலன் இல்ல, கம்பைலர் பதிமூணாவது லைன்ல தப்புனு சொன்னதால அவர் பன்னெண்ட பாக்கவே இல்ல. மொத எரர மட்டும் எழுத்தா காப்பி பண்ணி, அது சொல்ற லைனையும் அதுக்கு மேல உள்ள லைனையும் சேத்து அனுப்புங்க.

கே: இந்த இம்சையெல்லாம் விண்டோஸாலதான? லினக்ஸ் போட்டா தீந்துடுமா அண்ணா?

ப: பாத் இம்சை கொறையும். உபுன்டுங்கற லினக்ஸ்ல பில்ட் எசென்ஷியல்னு ஒரே பேக்கேஜ், ஏப்ட்ங்கற இன்ஸ்டால் கமாண்ட் வழியா போட்டா ஜிசிசி, ஜி++, மேக் எல்லாம் ஒண்ணா வந்து சரியான எடத்துல உக்காந்துக்கும், நீங்க எந்த வழியையும் எங்கயும் எழுத வேண்டியதில்ல. மைனஸ் எல்எம் மட்டும் மறந்துடாதீங்க.